கர்ப்பகால நீரிழிவும் வைட்டமின் டியும்: சான்றுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது தமிழ் மக்கள் வாயில் நெடுநாளாக வழங்கும் பழமொழி. பழைய தருக்க நூலார் இதனையே காகதாலிய நியாயம் என்று பெயரிட்டு வழங்கினர். இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே தோன்றின என்பதும், ஒன்று மற்றொன்றினால் விளைந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னதைக் கண்ணாற் கண்டு சொல்லலாம். பின்னதைச் சோதித்தே சொல்ல வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்த இடத்தில் மருத்துவம் பல முறை இடறியிருக்கிறது. கர்ப்பிணிப் பெண்ணின் குருதியில் வைட்டமின் டி குறைந்திருப்பின் அவளுக்கு நீரிழிவு தோன்றும் என்று இருபது ஆண்டுகளாகப் பரவிவரும் கருத்தும் இந்த உரைகல்லில் வைத்துப் பார்க்கத் தக்கதே.

இக்கருத்து வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மருந்துக்கடைப் பலகைகளிலும், உறவினர் சொல்லும் அறிவுரைகளிலும், சில மருத்துவரின் குறிப்புச் சீட்டுகளிலும் அது குடிபுகுந்துள்ளது. "வெயிலிற் போகாததால் வந்த வினை" என்று கருவுற்ற பெண்ணொருத்தி தன்னைத்தானே நொந்துகொள்ளும் நிலையும் உண்டு. ஆதலின், இக்கருத்துக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டப்படும் ஆய்வுகள் எத்துணை உறுதியானவை என்று நிறுத்துப் பார்ப்பது பயனற்ற சொற்போர் ஆகாது.

நோயும் அதன் எல்லைக்கோடும்

கருவுற்ற பெண்ணின் உடலில், பாதிக் காலம் கடந்தபின், நச்சுக்கொடியிலிருந்து சுரக்கும் சில ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. தாயின் குருதியிலுள்ள சர்க்கரை குழந்தைக்குத் தாராளமாகக் கிடைக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் அதற்கேற்ப இன்சுலினை மிகுதியாகச் சுரந்து ஈடு செய்துகொள்கிறது. அவ்வாறு ஈடுசெய்ய இயலாதவரிடத்துச் சர்க்கரை ஏறுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு. பெரும்பாலும் இதற்கு வெளிக்குறி ஒன்றுமில்லை. அதனாலேயே 24 முதல் 28 வாரங்களுக்குள், வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து குருதியைச் சோதிக்கின்றனர்.

எத்தனை சர்க்கரை இருந்தால் நோய் என்பது? இவ்வினாவுக்கு விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1964இல் பாஸ்டன் நகரத்து ஓ'சல்லிவனும் மேகனும் வகுத்த அளவுகள், தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதைக் கருத்திற்கொண்டு அமைந்தவை. குழந்தைக்கு நேரும் தீங்கை அளந்தறிந்தது 2008இல் வெளிவந்த ஹேப்போ ஆய்வு. ஒன்பது நாடுகளில் பதினைந்து மையங்களில் 23,000க்கு மேற்பட்ட பெண்கள் அதில் இடம்பெற்றனர். அம்மையங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும், அறுவையால் மகப்பேறு நிகழும் வாய்ப்பும் படிப்படியாக ஏறின. இதுவரை நலம், இதற்கு மேல் நோய் என்று சொல்லத்தக்க இயற்கையான வரம்பு எதுவும் புலப்படவில்லை. ஆயினும் மருத்துவருக்கு ஒரு கோடு வேண்டும். 2010இல் அறிஞர் குழு ஒன்று கோடு வரைந்தது. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனை ஏற்றது. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல், ஒரு மணிக்குப் பின் 10.0, இரண்டு மணிக்குப் பின் 8.5 என்ற மூன்றனுள் ஒன்றை எட்டினாலே நோய் என்பது அக்கோடு.

கோடு மனிதர் வரைந்ததாதலின், அது நகரும்போது நோயாளர் தொகையும் நகரும். ஒரே நாட்டில் பழைய அளவுப்படி நலமுடையவர், புதிய அளவுப்படி நோயாளர் ஆவர். வைட்டமின் டி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துக் கூட்டுவோர், வெவ்வேறு கோடுகளைக் கொண்டு எண்ணிய எண்களை ஒரே மூட்டையாகக் கட்டுகின்றனர் என்பதை வாசகர் முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டும்.

வைட்டமின் கண்ட வரலாறு கற்பிக்கும் பாடம்

வைட்டமின் டி கண்டறியப்பட்ட வரலாறே இவ்வாராய்ச்சிக்குத் தக்க அளவுகோலைத் தருகிறது. குழந்தைகளின் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் ஐரோப்பிய நகரங்களின் புகைமூட்டத்தில் பெருகியிருந்த காலம் அது. 1919இல் ஆங்கில அறிஞர் எட்வர்டு மெலன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவால் அந்நோயை வருவித்து, மீனெண்ணெயால் அதனைத் தடுத்தும் காட்டினார். அதே ஆண்டில் பெர்லின் நகரத்து ஹுல்ட்சின்ஸ்கி, புறஊதா விளக்கொளியில் குழந்தைகளை வைத்தே நோயைக் குணப்படுத்தினார்.

மீனெண்ணெயில் அப்போது அறியப்பட்டிருந்த பொருள் வைட்டமின் ஏ. எனவே நோயைத் தீர்த்தது அதுவாகவே இருக்கலாம் என்று மெலன்பி கருதினார். அக்கருத்து இயல்பானதே, அந்த எண்ணெயில் இரண்டும் ஒன்றாகவே உறைந்தன. அமெரிக்க அறிஞர் மக்கொல்லம் அவ்விரண்டையும் பிரித்தார். எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏயை அழித்தார். கண்ணோயைத் தீர்க்கும் ஆற்றல் அவ்வெண்ணெயிலிருந்து நீங்கிற்று. எலும்பு நோயைத் தீர்க்கும் ஆற்றல் நீங்கவில்லை. ஆகவே மற்றொரு பொருள் உண்டென்று 1922இல் நிலைநாட்டி, அதற்கு வைட்டமின் டி எனப் பெயரிட்டனர்.

உடன் உறையும் இரு பொருள்களுள் ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுத்திப் பார்த்தாலன்றி எது காரணம் என்று சொல்லலாகாது என்பதே அச்சோதனை தந்த பாடம். கொடுத்தால் நோய் நீங்குகிறது, கொடாவிட்டால் நோய் நிற்கிறது என்று காட்டப்பட்டமையாலேயே வைட்டமின் டிக்கும் எலும்புக்கும் உள்ள உறவு இன்றளவும் ஐயமின்றி நிற்கிறது. நீரிழிவு பற்றிய கூற்றும் இப்படி நிறுவப்பட்டுள்ளதா என்பதே கேள்வி.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. வெயிலின் புறஊதாக் கதிர் தோலிற்படும்போது உண்டாகும் இப்பொருள், கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் பெற்று, இறுதியில் ஹார்மோனாகவே தொழிற்படுகிறது. குருதிச் சோதனையில் அளப்பது கல்லீரலில் உண்டாகும் இடைநிலைப் பொருளையே. அதில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் ஏறத்தாழ எல்லோருக்கும் போதும் என்றது அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இன் இறுதியில் வெளியிட்ட அறிக்கை. அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2011இல் 30 வேண்டும் என்றது. அதே சங்கம் 2024இல் வெளியிட்ட புதிய நெறிமுறையில், தான் முன்பு வகுத்த அந்த எல்லைகளை இனி ஆதரிப்பதில்லை என்று கூறிவிட்டது. நோயின் கோடும் நகர்கிறது. குறைவின் கோடும் நகர்கிறது. நகரும் இரண்டு கோடுகளுக்கிடையே உறவு காண முயல்வோர் மிகுந்த அடக்கத்துடன் பேசுதல் வேண்டும்.

சார்பாகக் கூறப்படுவன

இக்கருத்து அடிப்படையில்லாமல் எழுந்ததன்று. 1980இல் நார்மனும் அவர்தம் துணைவரும், வைட்டமின் டி அற்ற எலிகளின் கணையம் இன்சுலினைக் குறைவாகச் சுரக்கிறது என்று காட்டினர். இன்சுலினைச் சுரக்கும் அணுக்களில் இவ்வைட்டமினை ஏற்கும் வாயில்கள் இருப்பதும் அறியப்பட்டது. காரணம் இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு இவை போதுமானவை.

2008இல் அமெரிக்காவின் சியாட்டில், டகோமா நகரங்களிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பகால நீரிழிவு கண்ட 57 பெண்களையும், அது காணாத 114 பெண்களையும் எடுத்து, ஏறக்குறைய 16ஆம் வாரத்தில் சேமித்து வைத்திருந்த அவர்தம் குருதியை ஒப்பிட்டனர். முன்னவரின் சராசரி 24.2 நானோகிராம், பின்னவரின் சராசரி 30.1. 20க்குக் கீழிருந்தோர்க்கு நோய் வாய்ப்பு 2.66 மடங்கு என்று கணக்கிட்டனர். நோய் வெளிப்படுமுன்னரே குருதி எடுக்கப்பட்டது என்பது இவ்வாய்வின் சிறப்பு. ஆயின் அந்த 2.66 என்னும் எண்ணுக்கு அவர்களே இட்ட வரம்பு 1.01 முதல் 7.02 வரை. ஒன்று என்பது வேறுபாடே இல்லை என்பதற்குரிய எண். அதனை மயிரிழையில் தாண்டிய முடிவு இது.

பின்னர் இத்தகைய ஆய்வுகள் பெருகின. 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பு 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வைட்டமின் டி குறைந்தோர்க்குக் கர்ப்பகால நீரிழிவின் வாய்ப்பு 1.49 மடங்கு என்று முடிவு கட்டியது. செய்தித்தாள்கள் எடுத்து முழங்கியவை இத்தகைய எண்களையே.

எதிராக நிற்பன

ஆனால் எல்லா ஊரும் ஒரே விடையைத் தரவில்லை. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 559 கர்ப்பிணிகளைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத அவ்வூரில், 66 விழுக்காட்டினர்க்கு 20 நானோகிராமுக்கும் குறைவாகவே வைட்டமின் டி இருந்தது. இத்துணைப் பெருங்குறைவு இருந்தும், குறைந்தவர்க்கு நீரிழிவு மிகுதி என்று அங்கே காணப்படவில்லை. காரணம் உண்மையாயின் மிகத் தெளிவாகத் தோன்றியிருக்க வேண்டிய இடம் மைசூர். அங்கு அது தோன்றவில்லை.

சிங்கப்பூர் தரும் சான்று இன்னும் கூர்மையானது. 2009இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வு, இந்நகரின் இரு பெரிய மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அனைவரையும் சர்க்கரைச் சோதனைக்கு உட்படுத்தியது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. வைட்டமின் டியின் அளவு சீனப் பெண்களிடம் உயர்ந்தும், மலாய், இந்தியப் பெண்களிடம் தாழ்ந்தும் காணப்பட்டது. வைட்டமின் குறைவே முதற்காரணமாயின், மலாய்ப் பெண்களிடத்து நோய் மிகுந்திருக்க வேண்டும். மாறாக, மலாய்ப் பெண்களிடம் அது சீனப் பெண்களைவிடக் குறைவாகவே இருந்தது. இந்தியப் பெண்களிடம் மட்டும் குறைவும் நோயும் சேர்ந்து வந்தன. ஒரே நகரில், ஒரே கதிரவனின் கீழ் வாழும் மூவினத்தாருள் ஓரினத்தாரை மட்டும் எடுத்துக்காட்டிக் காரணம் கற்பிப்பது நேர்மையான தருக்கமாகாது.

உடன் உறைவோர் யார்?

அங்ஙனமாயின் பல ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்து தோன்றக் காரணம் யாது? மக்கொல்லத்தின் மீனெண்ணெயைப் போலவே, இங்கும் உடன் உறையும் பொருள்கள் உண்டு.

முதலாவது உடற்கொழுப்பு. வைட்டமின் டி கொழுப்பிற் கரையும் பொருள். பருத்த உடலில் அது கொழுப்பினுள் பதுங்கிக்கொள்ள, குருதியில் குறைவாகக் காட்டுகிறது. 2013இல் விமலேஸ்வரனும் அவர்தம் குழுவினரும் 42,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, எடை மிகுதி வைட்டமின் டியைக் குறைக்கிறதேயன்றி, வைட்டமின் டியின் குறைவு எடையை மிகுவிப்பதாகத் தெரியவில்லை என்று காட்டினர். உடற்பருமன் கர்ப்பகால நீரிழிவுக்குப் பெருங்காரணம் என்பது முன்னமே அறிந்தது. ஆகவே ஒரே தாய் ஈன்ற இரு பிள்ளைகளைப் பார்த்து, ஒரு பிள்ளை மற்றொன்றைப் பெற்றது என்று கூறும் பிழை இங்கே நேர இடமுண்டு.

இரண்டாவது நடையும் வெளி வாழ்வும். வெயிலிற் செல்பவர் பெரும்பாலும் நடந்தே செல்கிறார். உடலுழைப்புச் சர்க்கரையைத் தணிக்கும். ஆதலின், குருதியில் வைட்டமின் டி உயர்ந்திருத்தல் உடலுழைப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். அடையாளத்தைக் குப்பியில் அடைத்து விற்றால் உழைப்பின் பயன் அதனுடன் வந்துவிடுமா?

மூன்றாவது குலவழி. கருந்தோல் வெயிலை மெதுவாகவே ஏற்கும். அதனால் வைட்டமின் டி குறைந்து தோன்றும். தென்னாசியக் குலத்தவர்க்கு நீரிழிவு எளிதில் வரும் இயல்பும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தில் காணப்படுவதாலேயே ஒன்றுக்கு மற்றொன்று காரணமாகிவிடாது.

இவற்றையெல்லாம் கணக்கிட்டுக் கழித்துவிட்டோம் என்று ஆய்வாளர் கூறுவர். அளந்தவற்றைத்தான் கழிக்க முடியும். எடையை அளக்கலாம்; கொழுப்பு உடலில் எங்கே எவ்வளவு தங்கியுள்ளது என்பதும், நாள்தோறும் எவ்வளவு நடந்தார் என்பதும் முழுமையாக அளக்கப்படுவதில்லை. மேலும் பல ஆய்வுகளில் வைட்டமின் டியும் சர்க்கரையும் ஒரே காலத்தில் சோதிக்கப்பட்டன. காரணம் காரியத்துக்கு முற்பட்டிருக்க வேண்டும் என்ற முதல் விதியைக்கூட அவை நிறைவு செய்யவில்லை.

காட்சியை நம்பிக் கெட்டதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்றுண்டு. காய்கனிகளிலுள்ள பீட்டா கரோட்டின் குருதியில் மிகுந்தோர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு சோதித்தபோது, 1994இல் வந்த முடிவு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவரிடத்துப் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது.

கொடுத்துப் பார்த்த சோதனைகள்

ஆகவே தீர்ப்பு, கொடுத்துப் பார்த்த சோதனைகளின் கையிலேயே உள்ளது. பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றினர்க்கு வைட்டமினும் மறு கூற்றினர்க்கு வெறுமாத்திரையோ சிற்றளவோ கொடுத்து ஒப்பிடுதலே முறை. அவ்வாறு பிரித்தால், பருமனும் நடையும் குலமும் இருபுறமும் சமமாக அமையும். இது மக்கொல்லம் செய்த பிரிப்பின் மற்றொரு வடிவம்.

சிட்னி நகரில் 179 பெண்களுக்கு இத்தகைய சோதனை செய்து 2014இல் முடிவை வெளியிட்டனர். ஒரு சாரார்க்கு நாள்தோறும் 5,000 பன்னாட்டு அலகு. மறு சாரார்க்கு 400. சர்க்கரைச் சோதனையில் இரு சாரார்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இத்தகைய சிறு சோதனைகளைத் திரட்டி நிறுத்துக் கூறுவதில் காக்ரேன் அமைப்பின் தொகுப்புரைகள் உலகெங்கும் மதிக்கப்படுவன. அவ்வமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பில் 30 சோதனைகளும் 7,033 பெண்களும் இடம்பெற்றனர். அவற்றுள் கர்ப்பகால நீரிழிவைப் பற்றிப் பேசியவை நான்கே. அவற்றில் பங்குகொண்ட பெண்கள் 446 பேர். அந்நான்கையும் கூட்டி, வைட்டமின் டி நோய் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கக்கூடும் என்று அத்தொகுப்பு கூறியது. பாதியாகக் குறைக்கும் என்ற சொல் விரைந்து பரவியது. நான்கு சோதனைகள், 446 பேர் என்ற அடிக்குறிப்பு அதனுடன் பரவவில்லை.

2024இல் அதே அமைப்பு அத்தொகுப்பைத் திருத்தி வெளியிட்டது. இம்முறை ஒவ்வொரு சோதனையும் நம்பத்தக்கதா என்று முதலில் உரைத்துப் பார்த்தனர். சோதனை தொடங்குமுன் பதிவு செய்யப்பட்டதா, பிரித்த முறை நேர்மையானதா, கொடுத்துள்ள எண்கள் உலகியலுக்கு ஒத்தனவா என்பன போன்ற வினாக்கள் அவை. விளைவு யாதெனின், முன்பு சேர்க்கப்பட்டிருந்தவற்றுள் 21 நீக்கப்பட்டன, புதிதாக ஒன்று சேர்ந்தது, எஞ்சியவை பத்து. கர்ப்பகால நீரிழிவுக்கு எஞ்சியது ஒரே ஒரு சோதனை, 165 பெண்கள். அதன் முடிவுக்கு இடப்பட்ட வரம்பு 0.03 முதல் 8.28 வரை. நோயை முப்பதில் ஒரு பங்காகக் குறைக்கலாம் என்பதும், எட்டு மடங்காகப் பெருக்கலாம் என்பதும் அவ்வரம்புக்குள் அடங்கும். இதனைச் சான்று என்பதைவிட, சான்றின்மை என்பதே பொருந்தும். சான்று மிக மிக உறுதியற்றது என்று தொகுப்பாசிரியர்களே கூறிவிட்டனர்.

நீக்கப்பட்டவை யாவும் பொய் என்று கொள்ளுதல் தவறு. வினாக்களுக்கு நிறைவான விடை கிடையாதவை ஒதுக்கிவைக்கப்பட்டன, அவ்வளவே. ஆயினும் ஐந்தாண்டுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு முடிவின் தூண்கள் உரைத்துப் பார்த்தபோது நிற்கவில்லை என்பது வருந்தத்தக்கது. தொகுத்தோர் முதலிலேயே அவ்வுரைகல்லைக் கையில் எடுத்திருக்கலாம் என்று குறை கூறலாம். தம் முடிவைத் தாமே திருத்தி உலகறியச் சொன்ன நேர்மைக்கு அவர்களைப் பாராட்டுதலும் கடனாகும். முதல் முடிவைப் பறையறைந்தோர் இரண்டாவதைக் குறித்து வாய் திறவாதிருப்பதே பெருங்குறை.

மறுபுறத்து நியாயம்

நடுவுநிலை பிறழாமல் மறுபுறத்தையும் கூறுதல் முறை. மெய்ப்பிக்கப்படவில்லை என்பது பொய்ப்பிக்கப்பட்டது என்பதாகாது. சோதனைகளுள் பல சிறியன. சில, குறைவில்லாத பெண்களுக்கும் வைட்டமினைக் கொடுத்தன. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் பயன் தெரியாது. கருவுற்றுச் சில மாதங்கள் சென்றபின் கொடுக்கத் தொடங்குவது காலம் கடந்ததாகவும் இருக்கலாம்.

கருவுறாதாரிடம் செய்த சோதனைகள் ஒரு சிறு நம்பிக்கையை உயிருடன் வைத்திருக்கின்றன. நீரிழிவின் வாயிலில் நின்ற 2,423 பேருக்கு அமெரிக்காவில் நாள்தோறும் 4,000 அலகோ வெறுமாத்திரையோ கொடுத்து, 2019இல் முடிவு கூறினர். வைட்டமின் உண்டவருள் 293 பேருக்கும், வெறுமாத்திரை உண்டவருள் 323 பேருக்கும் நீரிழிவு வந்தது. வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடிய அளவினதே. இதனோடு வேறிரு சோதனைகளைச் சேர்த்து 2023இல் கணக்கிட்டபோது, 15 விழுக்காடு குறைவு தெரிந்தது. இது சிறு பயன். அதுவும் நீரிழிவின் வாயிலில் நிற்போர்க்கு மட்டும். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும் என்று கொள்வது ஊகமே.

கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் டியே வேண்டாம் என்பதும் இம்மதிப்பீட்டின் முடிவன்று. எலும்பு நலங் கருதிப் பிரிட்டன் தன் நாட்டுக் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 400 அலகு பரிந்துரைக்கிறது. அமெரிக்கச் சங்கத்தின் 2024 நெறிமுறையும், கர்ப்பகாலக் குருதியழுத்த நோய், குறைமாதப் பிறப்பு முதலியவற்றைக் குறைக்கக்கூடும் என்று கருதி வைட்டமின் டியை ஆதரிக்கிறது. ஆனால் அப்பட்டியலில் கர்ப்பகால நீரிழிவு இடம்பெறவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல், கர்ப்பிணிகள் அனைவர்க்கும் பொதுவாகக் கொடுக்கப் பரிந்துரைப்பதற்கில்லை என்றும், குறைவு உண்டென ஐயுறும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 200 அலகு கொடுக்கலாம் என்றும் கூறியது. பெருநிறுவனங்கள் தம்முள் மாறுபடினும், நீரிழிவைத் தடுக்கும் மருந்தாக இதனைக் கொடுக்கச் சொல்லவில்லை என்பதில் ஒத்து நிற்கின்றன.

தவறான காரணத்தால் விளையும் கேடு

மாத்திரைதானே, உண்டால் என்ன என்று கேட்போர் உண்டு. அளவு மீறினால் வைட்டமின் டியும் நஞ்சாகும். குருதியிற் கால்சியம் மிகும். பிரிட்டனில் 1950களின் முற்பகுதியில், பால் மாவு முதலியவற்றில் இதனை மிகுதியாகச் சேர்த்ததன் விளைவாகக் கைக்குழந்தைகள் சிலர் இவ்வகையில் நோயுற்றனர் என்று கருதி, 1957இல் அளவைக் குறைத்தனர். நாளொன்றுக்கு 4,000 அலகே மேல்வரம்பு என்று அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்ததும் இத்தகைய அச்சத்தாலேயே.

அதனினும் பெரிய கேடு, பொய்க் காரணம் மெய்க் காரணத்தை மறைப்பது. மாத்திரை உண்கிறோம் என்ற மனநிறைவில் சர்க்கரைச் சோதனையைத் தள்ளிப்போடும் பெண், உண்மையில் பயன் தரும் மருத்துவத்தை இழக்கிறாள். அம்மருத்துவம் இருப்பது உறுதி. ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்டு 1,000 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2005இல் வெளிவந்தது. உணவு அறிவுரை, சர்க்கரையை அடிக்கடி அளத்தல், வேண்டுமிடத்து இன்சுலின் ஆகிய மூன்றாலும், குழந்தைக்கு நேரும் கடுந்தீங்குகள் நூற்றுக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தன. சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் காட்டிய முடிவு அது.

மகப்பேற்றோடு கதை முடிவதில்லை. கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, அது காணாதவரைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு என்று 2020இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறுகிறது. பிள்ளை பிறந்து சில வாரங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். பின்னரும் தவறாது சோதித்து வர வேண்டும். பிள்ளையின் தொட்டிலருகே தன்னை மறந்திருக்கும் தாய்க்கு இதனை நினைவூட்ட வேண்டியவர் கணவரும் வீட்டாருமே. நீரிழிவு மிகுந்த இந்தியக் குடும்பங்களுக்கு இவ்வறிவுரை இரட்டிப்பாகப் பொருந்தும். மாத்திரைக் குப்பிக்குச் செலவிடும் கவலையில் ஒரு பகுதியை இச்சோதனைக்குச் செலவிட்டாலே பெரும்பயன் உண்டு.

முடிவாகக் கூறத்தக்கது இது. கர்ப்பிணியின் குருதியில் வைட்டமின் டி குறைவதும், கர்ப்பகால நீரிழிவும் பல இடங்களிற் சேர்ந்து காணப்படுகின்றன, இது உண்மை. குறைவே நோயைத் தருகிறது என்பதும், நிறைத்தால் நோய் நீங்கும் என்பதும் இன்னும் நிறுவப்படாதவை. குறைவு கண்டால் எலும்பின் பொருட்டு மருத்துவர் சொற்படி நிரப்பிக்கொள்ளலாம். காலை இளவெயிலில் சிறிது நடக்கலாம். நடையின் பயனுக்கு எந்த வைட்டமினின் துணையும் வேண்டுவதில்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை உணவிற் சேர்க்கலாம். ஆனால் நீரிழிவு வந்த பெண்ணை நோக்கி, நீ வெயிற் படாததால் வந்தது என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. அதற்குரிய சான்று இல்லை. பனம்பழம் விழுந்ததற்குக் காகத்தைப் பழிப்பதே தகாது. மரத்தடியில் நின்ற பெண்ணைப் பழிப்பது அதனினும் தகாது.